நம் சாவுக்கு நாமே மேளம் சொல்லி வைப்பது

ஒரு வீட்டில் உயிர் பிரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முடிவுகள்தான் கடைசிவரை நிற்கும். ஷாமியானா எங்கே போடுவது, ஃப்ரீசர் பாக்ஸுக்கு யாரிடம் சொல்வது, எடுப்பது இன்றைக்கா நாளைக்கா, வெளியூரில் இருக்கிற மகள் வந்து சேர எத்தனை மணி ஆகும். இந்த வரிசையில் மேளமும் வரும். அதைச் சொல்கிறவர் மகனாகவோ மனைவியாகவோ இருப்பதில்லை; அவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். பங்காளி வகையில் நாலு சாவு நடத்திப் பழகிய ஒருவர் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், "ஒரு செட்டு அனுப்பிடுப்பா, ரெண்டு மணிக்கு எடுக்கிறோம்" என்று முடித்துவிடுவார். ஷாமியானாக்காரரே ஸ்பீக்கரும் கொண்டுவருவார். அவருடைய பென் டிரைவில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுடைய கடைசிப் பாட்டு.

அது வேண்டாம், நானே சொல்லி வைக்கிறேன் என்கிறவர்களுக்காக இந்த அத்தியாயம். திருத்தணியையும் பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் ஆகிய ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மேளத்தின் பெயரையும் தெருவின் வழக்கத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் ஃபிராங்க் சினாட்ராவின் 'மை வே' பாட்டைத் தன் சவ அடக்கத்துக்கு எழுதி வைப்பவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் திருத்தணியில் பாட ஆரம்பித்த ஒருவர் 1835இலேயே தன் கடைசிப் பாட்டைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணி மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்து வாயில் கற்கண்டு போட்டார், வந்தவர் முருகன்தான், அந்த இடத்திலேயே மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது என்று சம்பிரதாயமாகச் சொல்வார்கள். குருகுஹ முத்திரை அதிலிருந்து தொடர்கிறது. அவர் முடிந்தது எட்டயபுரத்தில், தீபாவளியன்று. சீடர்களைக் கூப்பிட்டு கமகக்ரியா ராகத்தில், நாம் பூர்விகல்யாணி என்று கேட்டுப் பழகியது அது, 'மீனாக்ஷி மே முதம்' பாடச் சொன்னார். கேட்டபடியே கண் மூடினார் என்பது சிஷ்ய பரம்பரை சொல்லும் செய்தி. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தீட்சிதர் கேட்டது செத்த பிறகு ஒலிக்க வேண்டிய பாட்டு இல்லை; காது கேட்கும்போதே ஒலிக்க வேண்டிய பாட்டு. முதலில் முடிவு செய்ய வேண்டியதும் இதுதான். உங்களுக்குப் பிடித்த பாட்டை நீங்கள் கேட்க வேண்டுமா, ஊர் கேட்க வேண்டுமா? நீங்கள் கேட்க வேண்டும் என்றால் அதைச் சாவுக்கு ஒதுக்காதீர்கள். படுக்கையில் விழுந்தால் தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து இன்ன பாட்டைப் போடு, சத்தம் குறைவாக வை, சீரியல் சத்தம் வேண்டாம் என்று இப்போதே பேத்தியிடம் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரியில் என்றால் இயர்போன். இதற்கு மேளக்காரரும் வேண்டாம், போலீஸ் அனுமதியும் வேண்டாம். பாதிப் பேருடைய ஆசை இதிலேயே தீர்ந்துவிடும்.

எந்த இடம் உங்களுடையது

சாவு வீட்டுச் சத்தத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சங்கும் சேகண்டியும்; பண்டாரமோ தாசரியோ வருவார், குடும்பம் விபூதியா நாமமா என்பதைப் பொறுத்து. பிறகு பெண்கள் வந்து கட்டிக்கொண்டு வைக்கிற ஒப்பாரி. வாசலில் மேளம், உறவுமுறையார் மாலையோடு தெருவில் திரும்பும்போதெல்லாம் ஏறி இறங்கும். நடுவில் ஸ்பீக்கர். குளிப்பாட்டிக் கோடி போடும்போது மறுபடி சங்கு. எடுக்கும்போது மேளம், வெடி. சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு பதினாறாம் நாள் காரியம், அதன் முந்தின ராத்திரி.

இத்தனையையும் நீங்களே எழுதி வைக்க முயன்றால் ஒன்றும் நடக்காது. இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் மற்றவர்களுடையது.

ஒப்பாரி முழுக்க முழுக்க மற்றவர்களுடையது. "எனக்காக யாரும் அழக் கூடாது" என்று எழுதி வைக்கிற பெரியவர்கள் உண்டு. நடக்காது, நடக்கவும் வேண்டாம். அண்ணன் செய்யாத சீர், புருஷன் வாங்கித் தராத புடவை, கேட்காமல் விட்ட மன்னிப்பு, தான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பட்ட பாடு, எல்லாக் கணக்கையும் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல ஊர் அனுமதிக்கிற ஒரே மேடை அது. செத்தவரின் பெயரைச் சொல்லி அவள் தன் கதையைத்தான் பாடுகிறாள். எல்லைப் பகுதி என்பதால் ஒரே வட்டத்தில் ஒருத்தி தமிழிலும் அவளுடைய நாத்தனார் தெலுங்கிலும் வைப்பதுண்டு. கேட்கிறவர்களுக்கு இரண்டும் புரியும். இதில் உங்களால் செய்ய முடிந்த உதவி ஒன்றுதான்: பெண்கள் கூடி உட்கார்ந்துவிட்டால் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும் என்று எழுதி வையுங்கள். பல வீடுகளில் பதிவு செய்த பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் குரல் எடுத்து அழ முடியாமல் கிழவிகள் தொண்டை வற்றிப்போவார்கள்.

ஸ்பீக்கரில் என்ன போடுவது

இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். தனக்கு உயிரான பாட்டைச் சொல்லி வைக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் வீட்டில் ஒலிக்கிற சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தை உங்கள் சாவில் ஏழு மணி நேரம் ஓட விட்டால், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் அதைப் போடும்போது உங்கள் மனைவிக்கு என்ன ஆகும்? கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த படத்தின் பாட்டும் அப்படித்தான். சாவு வீட்டில் ஒரு பாட்டு ஒருமுறை ஒலித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது சாவுப் பாட்டு. ரேடியோவில் வந்தால் சேனலை மாற்றுவார்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டை அவர்களிடமிருந்து நீங்களே பறித்துக்கொண்டு போகிறீர்கள். ஆகவே, வீட்டில் புழங்கும் பாட்டை விட்டுவிட்டு, இந்தப் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இருக்கிற பாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. சைவக் குடும்பங்களில் சிவபுராணம் ஓதுவது பழக்கம். முருகனின் ஊர் என்பதால் திருப்புகழைக் கேட்பவர்கள் அதிகம். அருணகிரிநாதர் தணிகைக்கென்றே நிறையப் பாடியிருக்கிறார். தணிகைமணி என்றே பெயர் வாங்கிய வ.சு. செங்கல்வராய பிள்ளையின் உரையைத் திறந்தால் பொருளோடு கிடைக்கும். என் விருப்பத்தைக் கேட்டால் கந்தர் அலங்காரம் என்பேன். திருப்புகழின் சந்த வேகம் படித் திருவிழாவுக்குப் பொருத்தம். சாவு வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம். எமன் வருகிறபோது மயிலேறி நீ முந்தி வா என்ற பேச்சு கந்தர் அலங்காரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, நடையும் நிதானம். வாத்தியம் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்து ஓதினாலே போதும். டிசம்பர் 31ஆம் தேதி 365 படிகளிலும் பாடிக்கொண்டு ஏறுகிற பஜனைக் குழுக்களில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அந்தப் படித் திருவிழாவை நிலைநிறுத்தியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அவர் வழியில் திருப்புகழைக் கட்டணம் பேசாமல் வந்து பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வைப்பது மரியாதை.

வைணவ வீடுகளில் திருமேனியை எடுத்துப் போகும்போது கோஷ்டி இராமானுஜ நூற்றந்தாதி சேவிப்பார்கள். அதில் நீங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, கோஷ்டிக்குச் சொல்லியனுப்ப ஆள் வைத்தால் போதும். சன்மார்க்கக் குடும்பங்களுக்கு அகவல் இருக்கிறது. இளம் வயதில் தணிகை முருகனைப் பாடிய வள்ளலார் பிற்காலத்தில் எரிக்கவும் வேண்டாம், கருமாதியும் வேண்டாம் என்றவர். அவரைப் பின்பற்றுபவர்கள் அதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவுமுறை விடாது. கிறிஸ்தவர்களுக்கு இது சுலபம்: பாமாலையிலும் கீர்த்தனையிலும் எண் போட்டிருக்கிறது, எண்ணைப் போதகரிடம் கொடுத்தால் பாடகர் குழு பார்த்துக்கொள்ளும். முஸ்லிம்களுக்கு இந்த அத்தியாயமே வேண்டியதில்லை; ஜனாஸாவில் இசை இல்லை.

சினிமாப் பாட்டு கூடாதா என்றால், கூடும். 'பாத காணிக்கை' (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடிய சாவுப் பாட்டு அறுபது வருஷமாகத் தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது படத்திலிருந்து பிரிந்து வந்து சடங்கோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அதை நீங்கள் எழுதி வைக்கத் தேவையில்லை. ஷாமியானாக்காரரிடம் தானாகவே இருக்கும்.

இரண்டு பாஷைக் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது கோடு ஊர்களுக்கு நடுவில்தான் விழுந்தது. சம்பந்தங்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. மருமகள் வீட்டார் நகரியிலிருந்து வந்து இறங்குவார்கள், அவர்களுக்குத் தமிழ் ஓதல் முழுக்க எட்டாது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் இந்த மண்ணின் பிள்ளை, பள்ளிப்பட்டுப் பக்கம் கோனேட்டம்பேட்டையில் பிறந்தவர், அப்பா ஹரிகதை சொல்பவர். இரண்டு மொழியிலும் பக்திப் பாட்டு பாடி வைத்திருக்கிறார். ஒரு தமிழ், ஒரு தெலுங்கு என்று மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு சம்பந்திகளுக்கும் குறையிருக்காது. அவர் 2020 செப்டம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவில், போலீஸ் மரியாதையோடு அடக்கமானார்.

கருவி பற்றி மூன்றே வார்த்தை: போனிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். கோடி போடும் நேரத்தில் ஓதல் நின்று சமையல் எண்ணெய் விளம்பரம் வரும். அல்லது போனின் சொந்தக்காரருக்கு அழைப்பு வந்து அவருடைய ரிங்டோன் தெருவுக்கே கேட்கும். பாட்டை இறக்கிப் பென் டிரைவில் போட்டு, அதில் வேறு ஒன்றும் இல்லாமல் வைத்து, மேலே பேர் எழுதி ஒட்டுங்கள்.

மேளம்

ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மண முழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கிற ஊரைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டு காட்டுகிறது. அவ்வளவு பழைய சத்தம் இது. அதை உங்கள் சாவில் வேண்டும் என்று நினைத்தால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

பறை அடிக்கிறவர்கள் வந்ததும் செய்கிற முதல் வேலையைப் பார்த்திருப்பீர்கள். தெருவோரம் கொஞ்சம் வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, பறையின் முகத்தை அனலுக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் திருப்புவார்கள். தோல் ஈரம் விட்டு இறுகும். இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சியால் ஒரு தட்டு. மந்தமாகக் கேட்டால் மறுபடி அனல். வலது கையில் கட்டையான அடிக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும்போது தோல் சுள்ளென்று பேச ஆரம்பிக்கும், தெருக்கோடியில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். இந்த வேலை இல்லாத பிளாஸ்டிக் தோல் செட்டுகள் இப்போது அதிகம். மழையில் நனைந்தாலும் அடிக்கலாம், தூக்கவும் இலேசு. சத்தம் கூடுதலாகவே வரும், ஆனால் அந்தக் கனம் வராது. உங்களுக்கு எது வேண்டும் என்று எழுதுங்கள்: "தோல் பறை" என்ற இரண்டு வார்த்தை போதும். அதைவிட முக்கியம், எந்த அடி வேண்டும் என்பது. உறவுக்காரர் வரும்போது அடிப்பது வேறு, மாரடிக்கிறபோது அடிப்பது வேறு, ஊர்வலத்தில் பையன்கள் ஆடுவதற்கு அடிக்கும் சினிமா அடி வேறு. இதில் உங்களுக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தால் சொல்லி வைக்கலாம். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த நினைக்காதீர்கள். அடிக்கிறவருக்குத் தெரு தெரியும்.

இன்னொரு விஷயம், சாவை விடப் பேசக் கஷ்டமானது. மேளம் அடிப்பது நெடுங்காலம் ஒரு சாதியின் தலையில் கட்டிய ஊழியமாக இருந்தது. ஊரில் ஒரு சாவு என்றால் வந்தே தீர வேண்டும். கூலி என்பது கொடுத்ததுதான். அதனால்தான் பல சேரிகளில் பறையைப் போட்டு உடைத்தார்கள், இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இன்றைக்கு அதே பறை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போயிருக்கிறது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது அவர்கள் உரிமை, வற்புறுத்தக் கூடாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினரைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது குற்றம். குழி வெட்ட வைப்பதும் பிணம் தூக்க வைப்பதும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தன. வருகிறவர்கள் தொழிலாக வருகிறார்கள். ஆகவே ஆள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, பந்தியில் மற்றவர்களோடு சாப்பாடு, திரும்பிப் போக வண்டி என்று பேச வேண்டும். சரக்கு வாங்கிக் கொடுத்துக் கூலியில் கழிக்கிற பழக்கத்தை உங்கள் சாவிலாவது நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரக் குழுவிடம் பேசும்போது எப்படிப் பேசுவீர்களோ அதே நாற்காலி, அதே பேச்சு.

வயசாகிப் பேரன் பேத்தி பார்த்துப் போனால் கல்யாணச் சாவு. பூப்பல்லக்கு, பேண்டு செட், வெடி, ஆட்டம் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்று இருக்கிறது: கல்லறை போகும்வரை பேண்டு மெதுவாக, துக்கமாக வாசிக்கும், உடலை ஒப்படைத்துத் திரும்பும்போது துள்ளல் இசைக்கு மாறும், தெருவே ஆடும். நாம் தலைகீழ். போகும்போது ஆடுகிறோம், திரும்பும்போது ஒரு வார்த்தை பேசாமல் குளித்துவிட்டு வருகிறோம். எனக்கு நம்முடையதுதான் சரியென்று படுகிறது, ஆனால் ஆடுகிறவர்கள் பாடையைத் தூக்குகிறவர்களாக இருக்கக் கூடாது என்று தனியாக எழுதி வைப்பது நல்லது.

சென்னையிலிருந்து மின்சார ரயில் திருத்தணிவரை வருகிறது, அதில் கானாவும் வந்துவிட்டது. மரண கானா விஜி போன்றவர்கள் பேர் வாங்கிக் கொடுத்த வகை அது. ராத்திரி உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவரின் பேரையும் தெருவையும் பிள்ளைகளையும் வைத்துப் பாட்டுக் கட்டுவார்கள். இதை விரும்புகிறவர்கள் பாடகருக்கு வேண்டிய சரக்கை எழுதி வைக்க வேண்டும்: செய்த வேலை, பட்டப்பெயர், சைக்கிள், சண்டை, பிடித்த சாப்பாடு. இல்லாவிட்டால் மச்சான் சொல்கிற இரண்டு பொய்யை வைத்துப் பாட்டு முடிந்துவிடும்.

சத்தம் வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் வாழ்நாள் முழுக்க விசைத்தறிக்கு நடுவில் காது பழுத்தவர் ஒருவர் இதைக் கேட்டால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் எழுத வேண்டியது, "எடுக்கிறவரை தெருவில் தறியை நிறுத்துங்கள், மேளமும் வேண்டாம்" என்பது. தறிக்காரர் தெருவில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

நாளும் நேரமும்

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வாத்தியத்துக்கும் அது பொருந்தும். பகலிலும் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். சாவு வீட்டில் போலீஸ் வந்து நிறுத்துவது அபூர்வம்தான். ஆனால் எதிர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால் விதியை யாரும் சொல்லாமலே மதிக்கலாம்.

திருத்தணிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியும் பால்குடமுமாக ஊரே அடைத்துக்கொள்ளும், சரவணப் பொய்கையில் தெப்பம், மலையடிவாரச் சாலைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு எடுக்க நேர்ந்தால் மேளம் வைத்து ஊர்வலம் போக முடியாது, போகவும் கூடாது. விரதமிருந்து வருகிறவர்கள் எதிரே வருவார்கள். இப்படிப்பட்ட நாளுக்குத் தனியாக ஒரு வரி எழுதி வையுங்கள்: வீட்டு வாசலோடு மேளம் முடியட்டும், வண்டியில் சத்தமில்லாமல் போகட்டும். கோயில் இருக்கும் தெருவிலும் இதே கட்டுப்பாடு எப்போதும் உண்டு; கோயிலைத் தாண்டும்வரை அடியை நிறுத்துவது மேளக்காரருக்கே பழக்கம்.

உடல் தானம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு வரிசையே மாறிவிடும். மாவட்டத்திலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் இப்போது பலர் யோசிக்கிறார்கள். அங்கே நேரம் முக்கியம், தாமதித்தால் உடல் பயன்படாது. ஊர்வலம் என்று ஒன்று இருக்காது. அவர்கள் தங்கள் பாட்டைக் காரியத்துக்குத் தள்ளி வைப்பதே முறை.

உண்மையில் எல்லாருக்குமே நான் சொல்வது அதுதான். உங்கள் ரசனைக்கான இடம் பதினாறாம் நாளின் முந்தின ராத்திரி. தொண்டை மண்டலத்தில் காரியத்துக்குக் கூத்து வைப்பது வழக்கம், அதுவும் கர்ண மோட்சம். களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணன், மகனே என்று ஓடிவரும் குந்தி, கடைசிப் புண்ணியத்தையும் தானம் வாங்கிக்கொண்டு மோட்சம் கொடுக்கும் கண்ணன். விடியற்காலையில் அந்த இடம் வரும்போது செத்தவரின் பெண்கள் பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சேர்த்து அழுவார்கள். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஹார்மோனியமும் வைத்து நடக்கிற இந்த இசையை ஒரு ராத்திரி முழுக்க ஊருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. கூத்து வேண்டாம் என்றால் கச்சேரி வைக்கலாம், உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டை நல்ல குரலுள்ள ஒருவர் பாடலாம். அதற்குள் அழுகை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பாட்டு பாட்டாகக் கேட்கும்.

எழுதி வைப்பது

உயிலில் எழுதாதீர்கள். உயில் சொத்துக்கானது, அதைப் பிரிப்பதே காரியம் முடிந்த பிறகுதான், அப்போது பாட்டு விஷயம் படித்து என்ன பயன்? ஒரு தாளில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இந்த அளவு போதும்:

"தோல் பறை நாலு பேர், காலை எட்டு மணி முதல். பெண்கள் அழும்போது ஸ்பீக்கர் வேண்டாம். குளிப்பாட்டும்போது கந்தர் அலங்காரம், பஜனை மடத்தில் சொல்லியிருக்கிறேன். வண்டியில் பாட்டு வேண்டாம். பதினாறாம் நாளுக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம், பணம் இல்லாவிட்டால் விட்டுவிடவும். கிருத்திகை நாளானால் மேளம் வாசலோடு."

"பணம் இல்லாவிட்டால் விட்டுவிடவும்" என்பதை மறக்காதீர்கள். செத்தவர் ஆசை என்று கடன் வாங்கிக் கூத்து வைத்த பிள்ளைகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

தாளை யாரிடம் கொடுப்பது என்பதுதான் முழு விஷயமும். மகனிடம் கொடுக்காதீர்கள், அன்றைக்கு அவன் கொள்ளிச் சட்டிக்கு நிற்பான். ஆரம்பத்தில் சொன்னேனே, தெருமுனைக்குப் போய் மேளத்துக்குப் போன் செய்கிற பங்காளி, அவரிடம் ஒரு நகல். மூத்த மருமகனிடம் ஒரு நகல். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால், "எதுக்கு மாமா அபசகுனமா வாய விடறீங்க" என்று தடுப்பார்கள். வேறு யாருடைய சாவுக்காவது போய்விட்டுத் திரும்பி வரும் வழியில் பேச்சை எடுங்கள். அங்கே மேளம் எப்படி இருந்தது என்று ஆரம்பித்தால் மருமகனே தன் விருப்பத்தையும் சேர்த்துச் சொல்லுவார்.

தாளோடு ஒரு கவரில் மேளக் கூலியையும் வைத்துவிடுங்கள். எல்லாச் சாவிலும் கடைசியில் ஒரு தகராறு வரும், அது சுடுகாட்டு வாசலில் மேளக்காரரோடு பணத்துக்காக வருகிற தகராறு. தொகையைக் கவரின் மேல் எழுதி, "இதில் குறைக்க வேண்டாம்" என்று கையெழுத்துப் போடுங்கள். கூலி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆடி மாதம் வரும்போதெல்லாம் கவரைப் பிரித்துத் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.